படையலில் ஒரு ஜப்பான் கோழி

நகோயா, ஜப்பான்
3.3.1985

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் தம்பி வாசு வணக்கத்துடன் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், என் மூக்குதான் நன்றாக இல்லை. இந்தக் குளிரில் அது என் பேச்சைக் கேட்பதே இல்லை. உங்கள் உடம்பு எப்படி? ரமணியும் குமுதாவும் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறார்களா? அத்தானின் தலைத்திவசம் நல்லபடியாக முடிந்ததா? அன்றைக்குக் கிள்ளானில் உங்கள் பக்கத்தில் நிற்க முடியாமல் போனது இன்னும் மனதை அறுக்கிறது.

கிழக்கை நோக்கு என்று மலேசிய அரசாங்கம் எங்களை வேலை பழக இங்கே அனுப்பியது. நாங்களும் நோக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். காலையில் வரிசையாக நின்று கை காலை ஆட்டுகிறோம், பிறகு நாள் முழுக்க கார் பிரேக்குக்குத் திருகாணி முறுக்குகிறோம். பிரிக்பீல்ட்ஸ் ஒர்க்‌ஷாப்பில் நான் கற்றதை இங்கே சொன்னால் சிரிப்பார்கள்.

எழுத வந்த விஷயம் அது இல்லை, கோழி. எங்கள் விடுதிச் சமையல்காரம்மா சனிக்கிழமை தோறும் கோழி வாட்டுகிறார். சோயா கிச்சாப் என்கிற கறுப்புச் சாறு, அரிசியில் இறக்கிய மது, அதிலேயே செய்த இனிப்பு மது ஒன்று, கொஞ்சம் சீனி. முதல் மூன்றையும் சரிக்குச் சரி ஊற்றிச் சுண்டக் காய்ச்சுகிறார். கோழி கரியில் பாதி வெந்ததும் அந்தக் குழம்பைப் பூசுகிறார், திருப்புகிறார், மறுபடி பூசுகிறார். வார்னிஷ் அடித்த மாதிரி பளபளக்கிறது. தெரியாக்கி என்று பெயர்.

நீங்கள் செய்து பாருங்கள் அக்கா. ருசி எப்படி என்று எழுதுங்கள். கோழி விஷயத்தில் உங்கள் நாக்கு சொல்வதுதான் எனக்குத் தீர்ப்பு. சின்ன வயதில் என் பங்குக் காலையும் பிடுங்கித் தின்றவர் நீங்கள். நீங்கள் கடித்துப் போட்ட எலும்பை நம் வீட்டுப் பூனை முகர்ந்துவிட்டு முறைக்கும்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

உங்கள் தம்பி
வாசு

கிள்ளான்
24.3.1985

அன்புத் தம்பி வாசுவுக்கு,

அக்கா சீதாலெட்சுமி ஆசியுடன் எழுதிக்கொள்வது. உன் கடிதம் வந்தது. நாங்கள் மூன்று பேரும் சுகம். மூக்கில் நல்லெண்ணெய் விடு, அது சொன்ன பேச்சைக் கேட்கும். திவசம் முடிந்தது. காப்பாரிலிருந்து உன் அத்தானின் அண்ணன் பக்கிரிசாமி வந்து முன்னால் நின்று எல்லாவற்றையும் நடத்தினார். அவர் கோயில் கமிட்டியில் இருக்கிறாரே, எங்கே போனாலும் மைக் பிடித்த மாதிரியே பேசுகிறார்.

உன் ஜப்பான் கோழியைச் செய்தேன். உன் மதுவுக்கு நான் எங்கே போவது? சீனன் கடையில் கிச்சாப் வாங்கினேன். சீனிக்குப் பதில் குலா மெலாகா வெல்லம் தட்டிப் போட்டேன். பாசாரில் அன்னாசி மலிந்து கிடந்தது, ஒன்றை அரைத்துச் சேர்த்தேன். வெறும் இனிப்பு நம் பிள்ளைகளுக்கு ஏறாது, புளிப்பும் வேண்டும். நன்றாக ஊறட்டும் என்று ராத்திரியே கோழியை அதில் போட்டு மூடி வைத்தேன். ஆட்டிறைச்சிக்குப் பப்பாளிக்காய் போட்டு ஊற வைக்கும் பழக்கம், அந்த நினைப்பு.

காலையில் மூடியைத் திறந்தால் கோழியைக் காணோம். கூழ் இருந்தது. கையில் எடுத்தால் விரலிடுக்கில் வழிகிறது. அன்னாசி ராத்திரி முழுக்க அதைத் தின்று தீர்த்திருக்கிறது. குமுதா எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, கோழி அழுவுது லா" என்றாள்.

சும்மா விடுவேனா? அடுத்த வாரம் மறுபடி. அன்னாசியா நானா என்று பார்த்துவிடுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
சீதா

நகோயா
9.4.1985

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எண்ணெய் விட்டேன், மூக்கு பணிந்தது. உங்கள் தையல் மெஷின், முதுகு வலி, பிள்ளைகள் எல்லாம் எப்படி?

கோழி அழுத கதையைச் சமையல்காரம்மாவிடம் கையைக் காட்டி, முகத்தைக் காட்டிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்னாசியைப் போடுகிறவர்களை அவர் பார்த்ததே இல்லையாம். பச்சையாகப் போடாமல் குழம்போடு சேர்த்துக் கொதிக்க வைத்துப் பாருங்கள் என்கிறார். மது இல்லாவிட்டால் அந்த வாசனை வராது என்றும் சொன்னார்.

அடுத்த முறை எப்படி வந்தது, என்ன ருசி என்று விவரமாக எழுதுங்கள். இங்கே சனிக்கிழமை சாப்பிடும்போது உங்கள் கடிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு சாப்பிடுவேன்.

வாசு

கிள்ளான்
12.5.1985

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். நீ இளைத்திருக்கிறாய் என்று போட்டோவைப் பார்த்து ரமணி சொல்கிறாள். கோழி தின்று எப்படியடா இளைக்கிறாய்?

ஜெயித்துவிட்டேன் வாசு. அன்னாசிச் சாற்றைக் கொதிக்க வைத்ததும் அதன் திமிர் அடங்கிவிட்டது. கோழி கோழியாகவே இருந்தது. மதுவுக்கும் வழி கண்டுபிடித்தேன். அரிசியில் இறக்கினால் என்ன, தென்னையில் இறக்கினால் என்ன? பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவைக் கூட்டிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போனேன்.

ஆமாம், நானேதான் போனேன். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு பட்டப்பகலில் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். உள்ளே உட்கார்ந்திருந்த ஆண்கள் எல்லாம் கோயிலுக்குள் மாடு புகுந்த மாதிரி பார்த்தார்கள். "என்னங்க பாக்குறீங்க, கோழிக்கு வேணும்" என்றேன். மாரியாயி அக்கா சிரித்த சிரிப்பில் அவர் வெற்றிலைச் சாறு என் சேலையில் தெறித்தது.

கிச்சாப், கள், அன்னாசிச் சாறு மூன்றும் நீ சொன்னபடி சரிக்குச் சரி, ஒரு பெரிய துண்டு குலா மெலாகா. பாதியாகச் சுண்டவிட்டேன். கொல்லையில் சாத்தே கறி வாட்டும் அடுப்பில் கரி போட்டு, எலுமிச்சை மணக்கும் செரைப் புல் தண்டை நசுக்கித் தூரிகை மாதிரி ஆக்கிப் பூசினேன். ரமணி இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடித்தாள், நெருப்புப் பக்கத்திலேயே நின்ற சூடு. மாரியாயி அக்கா மீதிக் கள்ளை வைத்துக்கொண்டு, "இதுக்குன்னே பொறந்த கோழி" என்றார்.

குழம்பு வைத்தால் வாசனை அடுப்படியோடு போகும். வாட்டினால் புகை தெருவுக்கே போகிறது. அந்த நேரம் பார்த்துக் காப்பார்க்காரர் பக்கிரிசாமி காரை விட்டு இறங்கினார். "என்னம்மா இது, தம்பி போன வீட்ல தெரு முழுக்க கோழி வாசனை?" என்றார். "புகைக்கு வாசப்படி தெரியலங்க மாமா, நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்க" என்றேன். அவர் மனைவி இராஜம்மா அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை. ஆனால் இரண்டு துண்டு சாப்பிட்டு, "நல்லாருக்கு சீதா" என்றார்.

சேமமாக இரு.

அக்கா

நகோயா
26.5.1985

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகம்தான் இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

கள்ளுக்கடைக் கதையைப் படித்து அறையில் தனியாகச் சிரித்தேன். பிறகு இன்னொரு முறை படித்தேன். ரமணி சாப்பிட்டாள். மாரியாயி அக்கா சாப்பிட்டார். இராஜம்மா அக்கா சாப்பிட்டார். நீங்கள்?

இரண்டு கடிதத்திலும் ருசி எப்படி என்று கேட்டேன். கரி, செரை, சட்டி, சேலையில் தெறித்த வெற்றிலைச் சாறு எல்லாம் எழுதினீர்கள். உங்கள் வாயில் எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. அத்தான் போனதிலிருந்து ஒரு வருஷம் முழுக்க நீங்கள் கறி தொடவில்லை, அது எனக்குத் தெரியும். துக்கம், வருஷம் முடிந்ததும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வருஷம் முடிந்துவிட்டதே அக்கா.

நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள்.

வாசு

நகோயா
14.7.1985

அக்கா,

ஏழு வாரமாகப் பதில் இல்லை. ரமணி எழுதிய அட்டை வந்தது. நீங்கள் நலம், தீபாவளித் துணி தைக்க இப்போதே ஆட்கள் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறாள். அப்படியானால் எழுத முடியாதபடி கைக்கு ஒன்றும் இல்லை.

பதில் வராததே எனக்குப் பதிலாகிவிட்டது. கோழி வாசனைக்கே கேள்வி கேட்ட பக்கிரிசாமி மாமாவுக்கு நானே எழுதப் போகிறேன். மரியாதையாகத்தான் எழுதுவேன். ஆனால் எழுதுவேன்.

வாசு

கிள்ளான்
30.7.1985

வாசுவுக்கு,

எழுதினால் உன்னோடு பேச மாட்டேன்.

எல்லாரும் நலம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு திட்டுகிறேன். யாரடா நீ எனக்காகக் காப்பாருக்குக் கடிதம் போட? நீ எழுதினால் இரண்டு ஆண்கள் பேசி முடித்த விஷயமாகிவிடும். அவர் பெரிய மனசு பண்ணி, "சரிம்மா, தம்பி கேட்டுக்கிட்டான், சாப்பிடு" என்பார். அந்தக் கோழி என் தொண்டையில் இறங்குமா?

கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். திவசத்தன்று கூடம் நிறைய ஆட்கள். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் எழுந்து நின்று, "எங்க அம்மா தாலி அறுத்த நாள்லேர்ந்து சாவுற வரைக்கும் கவிச்சி தொடல. என் தம்பி சம்சாரமும் அந்த வழியிலதான் நிப்பாங்க" என்றார். என்னிடம் கேட்கவில்லை, என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் பிள்ளைகளும் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

நான்தான் ஆட்டினேன். கள்ளுக்கடையில் அத்தனை ஆண்களுக்கு முன்னால் வாய் வந்தது, என் வீட்டுக் கூடத்தில் வரவில்லை. அதை உனக்கு எழுத வெட்கமாக இருந்தது, எழுதவில்லை. மாரியாயி அக்கா பந்திங் பக்க ரப்பர்த் தோட்டத்துக்காரர். அவர் புருஷன் போய்ப் பத்து வருஷம். அவர் என்னைப் பார்த்து, "எங்க தோட்டத்துல இதெல்லாம் யாரு கேப்பா? கஞ்சிக்குக் கருவாடு இல்லன்னா நெஞ்சு அடைக்கும்" என்கிறார். எனக்கும் நெஞ்சு அடைக்கிறது. ஞாயிறு தோறும் நானே வாட்டி, நானே பூசி, புகையை மட்டும் தின்கிறேன்.

என் வாயில் பூட்டு விழுந்தது உண்மை. திறக்க வேண்டியது நான். நீ திருகாணி முறுக்கு.

அக்கா

நகோயா
18.8.1985

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எழுத மாட்டேன். சத்தியம்.

எனக்குக் கோபம் வந்தது, பிறகு பயம் வந்தது, அதன் பிறகு உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துச் சிரிப்பு வந்தது. திருகாணி முறுக்கிக்கொண்டிருக்கிறேன். ஒன்று கேட்கலாமா? இந்தத் தீபாவளிக்கு முதல் நாள் அத்தானுக்குப் படையல் போடுவீர்கள் அல்லவா? போன வருஷம் துக்கம், போடவில்லை. அவருக்குப் பிடித்தது எல்லாம் இலையில் வைப்பீர்கள். என் பெயரால் ஒரு சுருட்டு வையுங்கள். என்னைத் திருட்டுத்தனமாக அவர்தான் புகைக்கப் பழக்கினார்.

உங்களுக்கு எது சரியோ அதைச் செய்யுங்கள். சாப்பிட்டாலும் சரி, சாப்பிடாவிட்டாலும் சரி, நீங்கள் என் அக்கா.

வாசு

கிள்ளான்
20.10.1985

அன்புத் தம்பிக்கு,

எல்லாரும் நலம். பதில் தாமதத்துக்குத் தீபாவளித் துணிகள் காரணம். இந்தத் தடவை அது பொய் இல்லை.

படையலைப் பற்றிக் கேட்டாய். காப்பார்க்காரர் நேற்று வந்து இலையில் என்னென்ன வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்டுக்கறிப் பிரட்டல், மீன், முட்டை, கறுப்பு பீர். "தம்பிக்குக் கோழின்னா உயிரு, அத மறந்துராதம்மா" என்றார். சமைப்பது நான். கோழியை வெட்டுவது, மஞ்சள் தடவுவது, வேக வைப்பது, இலையில் வைப்பது எல்லாம் நான். அதைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுக் கத்திரிக்காய்ப் பச்சடி தின்ன வேண்டியதும் நான்.

அவர் போன பிறகு வாசலில் நின்று யோசித்தேன் வாசு. செத்துப் போனவர் கோழி சாப்பிடலாம். உயிரோடு இருக்கிறவள் சாப்பிடக் கூடாது. நான் எப்போது சாப்பிடுவது, செத்த பிறகா? அப்போது ரமணி எனக்கு இலை போட்டு வைப்பாளா? நினைக்க நினைக்க எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று தைத்த ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.

படையலுக்கு ஜப்பான் கோழி வாட்டப் போகிறேன். உன் அத்தான் புதுசு எது வந்தாலும் முதல் ஆளாகச் சாப்பிடுகிறவர். உன் சுருட்டும் உண்டு.

அவருடைய அண்ணன் ஏற்கெனவே ஒரு வார்த்தை விட்டிருக்கிறார். வழக்கத்தை மீறினால் நாளைக்கு ரமணி வயசுக்கு வந்து வைக்கும் சடங்குக்குத் தங்கள் பக்கத்தில் இருந்து ஒருவரும் வர மாட்டார்களாம். சடங்குக்கு வேண்டியது தாய்மாமன். அவன் சீக்கிரம் ஊர் வந்து சேர்ந்தால் போதும்.

ஆனாலும் பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் சொல்வதற்கு என்ன.

அக்கா

கிள்ளான்
17.11.1985

அன்புத் தம்பி வாசுவுக்கு,

தீபாவளி ஆசிகள். நீ அங்கே எண்ணெய் வைத்தாவது குளித்தாயா? நாங்கள் மூவரும் நலம். நிஜமாகவே நலம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் கொல்லையில் கரி மூட்டினேன். காப்பார்க்காரரும் இராஜம்மா அக்காவும் வந்தார்கள். புகை தெருவுக்குப் போயிற்று, இந்தத் தடவை அவர் குறை சொல்லவில்லை, படையலுக்கு அல்லவா. கூடத்தில் உன் அத்தான் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டு எல்லாம் வைத்தேன். நடுவில் ஜப்பான் கோழி, ஒரு முழுத் தொடை, பளபளவென்று. பக்கத்தில் உன் சுருட்டு. அவர் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார். பிறகு வழக்கம் போல், போனவர் வந்து சாப்பிட வேண்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நின்றோம்.

வெளியே நிற்கும்போது பயம் மறுபடி வந்தது. பதினான்கு வருஷம் அந்த மனிதரோடு வாழ்க்கை. முதல் நாள் தொடங்கி அவர் சாப்பிட்டு எழுந்த இலையில்தான் நான் உட்கார்ந்தேன். என் மாமியார்தான் அப்படிப் பழக்கினார். உன் அத்தான் தன் இலையில் எனக்கென்று கோழிக்கால் ஒன்றை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்து போவார், ஒன்றுமே தெரியாத மாதிரி. அது ஞாபகம் வந்ததும் பயம் போயிற்று.

கதவைத் திறந்தார்கள். நான் முதலில் உள்ளே போனேன். இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து அந்தத் தொடையைக் கையில் எடுத்தேன்.

"சீதா!" என்றார் காப்பார்க்காரர். "என்னம்மா பண்றே?"

"என் புருஷன் சாப்ட்டு எழுந்த எலைங்க மாமா. அதுல நான் சாப்புடுறது இந்த வீட்டு வழக்கம். உங்க அம்மாதான் சொல்லிக் குடுத்தாங்க."

"அது அவன் உயிரோட இருக்கறப்ப!"

"அப்ப இப்ப யாரு வந்து சாப்ட்டாங்கன்னு கதவ சாத்துனீங்க?"

அவர் தன் அம்மாவைப் பற்றி ஆரம்பித்தார், அந்த அம்மா எப்படி வைராக்கியமாக இருந்தார் என்று. "அவங்களுக்கு வேணுமா வேணாமான்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா மாமா? என்னையும் கேக்கல. அன்னிக்கு நான் தலையாட்டுனது தப்பு. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்றேன், நான் சாப்புடுவேன்" என்றேன். சொல்லிவிட்டுக் கடித்தேன்.

இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன், ரமணி சடங்குக்கு எங்களை எதிர்பார்க்காதே என்று சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார். இராஜம்மா அக்கா நகரவில்லை. "நீங்க போங்க, நான் பஸ்ல வரேன்" என்று சொல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கார் போகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரும் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாசு, ருசி எப்படி என்று கேட்டாய். இத்தனை மாதம் கழித்துச் சொல்கிறேன். உப்பு. ஒரே உப்பு! அன்னாசி நன்றாக இருக்கிறது, கள் வாசனை நன்றாக இருக்கிறது, குலா மெலாகா நன்றாக இருக்கிறது, எல்லாவற்றையும் கிச்சாப் தூக்கி விழுங்கிவிட்டது. "ஏண்டி, இவ்ளோ உப்பா இருக்கு, இத்தன நாளா ஏன் சொல்லல?" என்று ரமணியைக் கேட்டேன். "நீங்க சாப்புடாம செஞ்சு குடுத்தீங்க, எப்படிம்மா சொல்றது?" என்றாள். இராஜம்மா அக்கா சொம்பை எட்டி எடுத்து, "நானும் அன்னிக்கு சொல்லலாம்னுதான் பாத்தேன்" என்று மடமடவென்று குடித்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, சிரித்துக்கொண்டே வந்தது. எலும்பைக் கூட மிச்சம் வைக்கவில்லை.

உன் சமையல்காரம்மாவிடம் சொல், சரிக்குச் சரி என்பது அவர்கள் ஊர் கிச்சாப்புக்கு. இந்த ஊருக்குப் பாதி போதும். இந்த ஞாயிறு பாதி ஊற்றிக் காய்ச்சினேன். கொதிக்கும்போதே கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தேன். சரியாக இருந்தது.

அக்கா
சீதாலெட்சுமி